கல்வெட்டை இழந்த குகைக்கோயில்

கோயில் என்றதும் கட்டப்பட்ட ஒன்றே நம் மனக்கண்ணில் எழுகின்றது. அத்திவாரம் வெட்டி, கல் அடுக்கி, சுவர் எழுப்பி, விமானம் வைத்து, கலசம் ஏற்றிக் கும்பாபிஷேகம் செய்வதே நாம் அறிந்த திருப்பணி. அது கீழிருந்து மேலே வளர்வது. இதற்கு நேர்மாறான ஒரு மரபும் நம் சமயத்தில் இருந்தது. நல்ல பாறையைத் தேர்ந்து, அதன் முகத்தில் அளவு குறித்து, வேண்டாத கல்லையெல்லாம் வெட்டி வெளியே கொட்டி, எஞ்சி நிற்பதையே கோயிலாகக் கொள்வது அம்மரபு. அங்கே தூணை யாரும் நிறுத்துவதில்லை. தூணைச் சுற்றியிருந்த கல்லை நீக்குகின்றார்கள். கூரையை யாரும் போடுவதில்லை. கூரைக்குக் கீழே இருந்த மலையை அகற்றுகின்றார்கள்.

அத்தகைய கோயில் ஒன்றின் கதையையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றேன். அது மும்பைத் துறைமுகத்தினுள்ளே, நகரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் கிழக்கே, ஒரு சிறு தீவில் இருக்கின்றது. ஊரவர் அத்தீவைக் காரபுரி என்பர். உலகம் அதனை எலிபெண்டா என்றே அறியும்.

எலிபெண்டா என்ற பெயர் வந்த விதமே ஒரு கதை. தீவின் தென்கரையில், படகு இறங்கும் துறைக்கு அருகே, பாறையில் செதுக்கிய பெரிய யானை ஒன்று நின்றது. போர்த்துக்கேய மாலுமிகள் தம் மொழியில் ‘யானைத் தீவு’ என்று சொல்லத் தொடங்கினார்கள். கோயிலுக்குள் வீற்றிருந்த இறைவனின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. கரையில் நின்ற யானை தெரிந்தது. அந்த யானைக்கும் பின்னாளில் நிம்மதி இருக்கவில்லை. 1814 இல் அதன் தலையும் கழுத்தும் சரிந்தன. 1864 இல் ஆங்கிலேயர் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றபோது, தூக்கிய சங்கிலி அறுந்து யானை துண்டுகளாயிற்று. அத்துண்டுகளை 1914 இல் பொருத்தினார்கள். இப்பொழுது அது மும்பை நகருக்குள், பைக்குல்லாவிலுள்ள பூங்காவில், நூதனசாலைக்கு அருகே நிற்கின்றது. தீவுக்குப் பெயர் கொடுத்த யானை தீவில் இல்லை.

‘இந்திய வாயில்’ எனப்படும் பெரிய வளைவின் அருகிலிருந்து புறப்படும் இயந்திரப் படகிலே நான் அத்தீவுக்குச் சென்றேன். ஒரு மணி நேரப் பயணம். எண்ணெய்க் கப்பல்களும் கடற்படைக் கப்பல்களும் இருபுறமும் விலகிப் போக, பச்சை மேடு ஒன்று மெல்ல மெல்லத் தெளிவாகின்றது. துறையிலிருந்து மலையடி வரை சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் புகையிரதம் போன்ற ஒன்று ஓடுகின்றது. பிறகு 120 அளவான படிகள். படிகளின் இருமருங்கும் மணிமாலையும் சிறு சிலைகளும் விற்கும் கடைகள், கூரைகளில் குரங்குகள். ராஜபந்தர், சேட்பந்தர், மோராபந்தர் என்று மூன்று சிற்றூர்கள் தீவில் இருக்கின்றன. எதிர்க்கரையில் இரவெல்லாம் ஒளிரும் பெருநகரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த அம்மக்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக நிரந்தரமாக மின்சாரம் கிடைத்தது 2018 இலேதான்.

மலையிலே குடைந்த குகைகள் ஏழு என்பர். இரண்டு பௌத்தக் குகைகள், மற்றவை சைவம். முதற் குகையே தலையாயது. வெளியே நின்று பார்த்தால் அது ஒரு கோயில் என்றே தோன்றாது. கரிய பாறையின் நெற்றிக்குக் கீழே நாலைந்து தூண்கள், அவற்றுக்குப் பின்னால் இருள், அவ்வளவுதான். கோபுரமில்லை, கொடிமரமில்லை. வாயிலில் காவலாளி ஒருவர் நுழைவுச் சீட்டைக் கிழித்துத் தந்தார். இது தொல்பொருட் சின்னம், நித்திய பூசை இல்லை, ஆகவே பாதணி கழற்ற வேண்டியதில்லை என்றார். எனக்கு முன்னே சென்ற மராத்திய மூதாட்டி ஒருவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்த பின்னரே உள்ளே சென்றார். நானும் அவ்வாறே செய்தேன்.

உள்ளே சென்றதும் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. கண் பழகப் பழக வரிசை வரிசையாகத் தூண்கள் எழுகின்றன. கீழே சதுரமாகத் தொடங்கி, இடையில் வரிவரியாக வட்டம் கொண்டு, தலையிலே அமுங்கிய தலையணை போன்ற பகுதியைத் தாங்கி நிற்கும் கனத்த தூண்கள். முன்வாயிலிலிருந்து பின்சுவர் வரை 39 மீற்றர் அளவு. வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்று பக்கமும் திறந்திருப்பதால் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. பகல் நகர நகரச் சிற்பங்களின் முகமும் மாறுகின்றது. தூண்களைக் கூர்ந்து நோக்கினால், எந்த இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோல் இல்லை என்பது புலப்படும். தூண்களின் பல பகுதிகள் பிற்காலத்தில் திருத்தப்பட்டவை. பல நூற்றாண்டாகத் தேங்கிய மழைநீர் அடிப்பாகங்களை அரித்துவிட்டிருந்தது.

குகையின் மேற்குப் பகுதியில் கருவறை இருக்கின்றது. நான்கு பக்கமும் வாயில் கொண்ட சதுர அறை, நடுவே சிவலிங்கம். வாயிலுக்கு இருவராக எட்டுத் துவாரபாலகர் மனிதனைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில் நிற்கின்றனர். கிழக்கு வாயிலால் நுழைந்து நேரே நடந்தால் இலிங்கத்தை அடையலாம். வடக்கு வாயிலால் நுழைந்து நேரே நடந்தாலோ வேறொரு தரிசனம் காத்திருக்கின்றது. தென்சுவரின் நடுவே, ஏறத்தாழ 18 அடி உயரத்தில், மார்பளவு மட்டும் மலையினின்று வெளிப்பட்டு நிற்கும் மூன்று முகங்கள். அருவுருவமான இலிங்கம் ஒரு வழியின் முடிவிலும், உருவத் திருமேனி மறுவழியின் முடிவிலுமாகக் கோயிலை வகுத்தவன் சைவத்தின் உட்பொருளை நன்கு அறிந்தவன் என்பதில் ஐயமில்லை.

அந்த மூன்று முகங்களையும் முன்னாளில் வந்த ஐரோப்பியர் ‘திரிமூர்த்தி’ என்றனர். பிரமன், விட்டுணு, உருத்திரன் என்று எண்ணினர். வழிகாட்டிகள் இன்றும் அப்படியே சொல்வதுண்டு. இந்து விக்கிரகவியலை ஆராய்ந்து 1914 முதல் 1916 வரை பெருநூல் வெளியிட்ட து. அ. கோபிநாதராயர், மூன்று முகமும் சிவனுடையவையே, இது மகேசமூர்த்தி என்று எடுத்துக்காட்டினார். பின்வந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் இதனைச் சதாசிவ மூர்த்தம் என விளக்கினார். நம்மவருக்கு இது புதிதன்று. ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்று ஐம்முகங்களையும் சைவ வினாவிடை கற்ற பிள்ளையே சொல்லும். நடுவே கண்மூடி அமைதியில் ஆழ்ந்திருப்பது தற்புருடம். நமக்கு இடப்புறம் மீசை முறுக்கி, புருவம் நெரித்து, கையிலே பாம்பு பற்றியிருப்பது அகோரம். வலப்புறம் சுருள் கூந்தலும் முத்தும் அணிந்து, கையிலே தாமரை ஏந்திப் பெண்மை கனிந்திருப்பது வாமதேவம். நான்காவது முகம் பின்னே மலைக்குள், ஐந்தாவது மேலே, இரண்டும் நம் கண்ணுக்கு இல்லை. கட்டிய கோயிலின் சிலையென்றால் பின்முகத்தைச் செதுக்காமல் விட்டதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். இங்கே அந்த முகம் மலையாகவே இருக்கின்றது.

மூன்று முகங்களின் இருமருங்கிலும் இரண்டு பெரிய சிற்பத் தொகுதிகள் உண்டு. கிழக்கே நந்தியின்மீது சாய்ந்து நிற்கும் அர்த்தநாரி. பெண்பாகத்தின் கையிலே கண்ணாடி. மேற்கே கங்காதரர், சடைக்கு மேலே முத்தலையோடு கங்கை இறங்க, அருகே உமையம்மை சற்றே முகம் திருப்பி நிற்கின்றாள். மற்றைச் சுவர்களில் திருக்கல்யாணம், அந்தகாசுர வதம், கைலையில் அம்மையும் அப்பனும், யோகத்தமர்ந்த இலகுலீசர், ஆடும் பெருமான். கிழக்குச் சிறகிலுள்ள தனிக்கோயிலில் மாதர்களோடு பிள்ளையாரும் கார்த்திகேயரும் இருக்கின்றனர். நம் முருகனை அவ்வளவு தொலைவில் கண்டது மனத்துக்கு இதமாயிருந்தது. இலகுலீசரின் உருவத்தைக் கொண்டு இது பாசுபத சைவரின் தலம் என்பர் ஆய்வாளர்.

ஆடும் பெருமானின் திருமேனியை நான் நெடுநேரம் பார்த்து நின்றேன். நம் ஊர்க் கோயில்களில் காணும் சோழர் காலத்து ஆனந்தத் தாண்டவம் அன்று இது. எட்டுக் கைகள் இருந்தன, பெரும்பாலானவை உடைந்துவிட்டன. கால்கள் போய்விட்டன. எஞ்சியிருப்பது சற்றே சாய்ந்த உடலும், குனிந்த முகமும், சில கைகளுமே. ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. இடையின் வளைவிலிருந்தே காலின் வீச்சை ஊகிக்க முடிகின்றது. திருக்கல்யாணத் தொகுதியிலும் அவ்வாறே. நாணித் தலைகுனிந்த உமையின் முகம் மட்டும் முழுதாயிருக்க, மணமக்களின் கால்களைக் காணோம். அந்தகனைக் கொல்லும் மூர்த்தி இடுப்புக்குக் கீழே இல்லை.

இவற்றை உடைத்தது யார்? அங்கேதான் வரலாறு தொடங்குகின்றது.

1534 இல் குஜராத்து சுல்தான் பகதூர் ஷா வசாய் முதலிய நிலங்களைப் போர்த்துக்கேயருக்கு விட்டுக்கொடுத்தபோது இத்தீவும் அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்களுள் எல்லோரும் ஒரே மனத்தினர் அல்லர். கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் அந்தக் காலத்திலேயே இக்குகையைப் பார்த்தார். 1563 இல் கோவாவில் அச்சிட்ட தம் மூலிகை நூலில் இதனைக் காணத்தக்க இடமென்று குறிப்பிட்டு, மாடு கட்டும் தொழுவமாகிச் சிதைந்து கிடப்பதையும் எழுதினார். யூத வழிவந்த அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1580 இல், மதவிசாரணை மன்றத்தார் அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். பிறர் கோயிலின் அழகைக் கண்டு சொன்னவருக்கு நேர்ந்த கதி அது. பின்னாளில் கோவாவின் ஆளுநராக வந்த ஜொவாவோ த காஸ்த்ரோவும் 1538 அளவில் இங்கு வந்து, குகையின் அமைப்பை வியந்து எழுதினார்.

போர்வீரர்கள் குகைக்குள் சுட்டும் உடைத்தும் சேதம் விளைத்தனர் என்பது பழைய பயணக் குறிப்புகள் பல கூறும் செய்தி. எல்லாச் சிதைவையும் அவர்கள் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. உப்புக் காற்றும் மழைநீரும் தம் பங்கைச் செய்தன. பிற்காலத்து ஆட்சியாளரும் இதனைத் தலமாக மதித்தார் என்பதற்கில்லை. 1774 இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தனர். ஒரு நூற்றாண்டின் பின், 1875 இல், வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது இந்தக் குகைக்குள்ளேயே அவருக்கு விருந்து வைத்தார்கள். சதாசிவத்தின் முன்னிலையில் நடந்த விருந்து அது.

உடைந்த கைகால்களைக் காட்டிலும் பெரிய இழப்பொன்று இக்கோயிலுக்கு நேர்ந்தது. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ அதனைப் பதிவுசெய்திருக்கின்றார். வாயிலுக்கு மேலே, பெரிய எழுத்துகள் அழகாகப் பொறித்த கல் ஒன்று இருந்தது. தீவைக் கைப்பற்றியவர்கள் அதனைக் கழற்றியெடுத்தார்கள். ஆளுநர் அதனைப் படிக்கவல்லார் இந்துக்களிலோ முஸ்லிம்களிலோ உளரா என்று தேடுவித்தார், ஒருவரும் அகப்படவில்லை. பின்னர் அக்கல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜொவாவோவுக்கு அனுப்பப்பட்டது. மன்னனும் முயன்று பார்த்தான், பயனில்லை. கல் அங்கேயே கிடந்து, இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

இந்தச் செய்தியை எண்ணுந்தோறும் மனம் அமைதி கொள்வதில்லை. குடைந்த கோயிலில் கழற்றக்கூடிய உறுப்பு ஏது? தூணைக் கழற்ற முடியாது, அது மலை. சிலையைக் கடத்த முடியாது, அதுவும் மலை. ஒட்டவைத்த ஒரே பொருளாக அமைந்தது எழுத்துப் பொறித்த அந்தக் கல். அதுவே போயிற்று. எடுத்துச் சென்றவர்கள் அதனை அற்பமென்று எறியவுமில்லை. மதித்தே எடுத்தார்கள், படிக்க விரும்பியே கடல் கடத்தினார்கள். காலந்தான் உடன்படவில்லை. ஆறாம் நூற்றாண்டளவில் வழங்கிய எழுத்து பதினாறாம் நூற்றாண்டில் யாருக்கும் தெரியாததாகிவிட்டது. பழைய இந்திய எழுத்துகளை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் பணி 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தொடங்கியது. ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்து முடித்தது 1837 இல். கல் முந்நூறு ஆண்டு பொறுத்திருந்தால் படித்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் பிறந்தபோது கல் இல்லை.

ஆகவே இக்கோயிலை எடுப்பித்த மன்னன் யார், இறைவனுக்கு அவன் சூட்டிய திருநாமம் யாது, சிற்பியர் எந்த நாட்டினர் என்பதெல்லாம் மறைந்துவிட்டன. ஆய்வாளர் சுற்றிவளைத்தே ஒரு முடிவுக்கு வரவேண்டியவராயினர். தீவிலே களச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட அவன் தன்னைச் சிவபக்தனென்று காசிலே பொறித்துக்கொண்டவன். இங்கு வேலைசெய்தோருக்குக் கூலியாக அக்காசுகள் வழங்கியிருக்கலாம் என்பது வால்ட்டர் ஸ்பிங்க் என்ற அறிஞரின் கருத்து. மும்பைப் புறநகரிலுள்ள ஜோகேசுவரிக் குகையையும், எல்லோராவின் 29 ஆம் குகையையும் இதனோடு ஒப்பிட்டு, ஒரே மரபின் வேலை என்று காட்டுவர். இரண்டாம் புலிகேசியின் 634 ஆம் ஆண்டு ஐஹொளேச் சாசனம் கூறும் ‘புரி’ என்ற கடற்கரை நகர் இத்தீவே என்பாரும் உளர். எல்லாம் நல்ல ஊகங்கள். ஆயினும் ஊகம் ஊகமே. ஒரு வரிக் கல்வெட்டு இருந்திருந்தால் இத்தனை நூல்களுக்கும் இடமிராது.

தமிழகத்தில் இதற்கு எதிரான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. விழுப்புரத்துக்கு அருகே மண்டகப்பட்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குகைக்கோயில் குடைந்தான். எலிபெண்டாவுக்கு முன்னே வைத்தால் அது சின்னஞ்சிறியது. ஆனால் அங்கே அவனுடைய வடமொழிக் கல்வெட்டு இருக்கின்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவுமின்றி மூவர்க்கும் இக்கோயிலை அமைத்தேன் என்ற பொருளில் அது பேசுகின்றது. மன்னனின் பெயரும், அவனுடைய பெருமிதமும், எது புதுமையென்று அவன் கருதினான் என்பதும் அச்சில வரிகளால் நமக்குக் கிடைத்துவிடுகின்றன. கல்வெட்டைப் பாறையிலேயே பொறித்ததால் அது தப்பியது.

எலிபெண்டாவுக்கு நேர்ந்ததைப் பற்றிச் சிந்திக்கும்போது, அதே போர்த்துக்கேயர் கையில் நம் நாட்டுக் கோயில்களுக்கு நேர்ந்தது நினைவுக்கு வராமற் போகாது. இரு நாட்டுக் கரைகளையும் அவர்கள் கோவாவிலிருந்தே ஆண்டார்கள். திருகோணமலையிலே, கடலுக்குள் நீண்ட மலையில் கோணேசர் கோயில் கொண்டிருந்தார். மூன்று கோயில்கள் அம்மலையில் இருந்தன என்று கோவாவிலிருந்து இலங்கை வரலாற்றை எழுதிய குவேறோஸ் பாதிரியார் குறித்திருக்கின்றார். 1620களில் கொன்ஸ்தந்தீனு த சா அவற்றை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். கட்டிய கோயிலாகையால் கல் வேறு, கோயில் வேறு என்று பிரிக்க முடிந்தது. ஒரு கல்லைப் பிடுங்கினால் அது கோட்டைச் சுவருக்கும் பொருந்தும். எலிபெண்டாவிலே அது நடக்கவில்லை. மும்பையின் வடக்கே மண்டபேசுவரக் குகையில் பிரான்சிஸ்கன் துறவிகள் செய்தது வேறுவிதம். குகையையே தேவாலயமாக்கி, சுவரிலே சிலுவை செதுக்கி, மலைக்கு மேலே மடம் கட்டினார்கள். மேலே கட்டியது இன்று இடிந்து கிடக்கின்றது. கீழே குடைந்ததில் சிவனுக்கு மீண்டும் விளக்கெரிகின்றது.

எலிபெண்டாவின் கிழக்கு வாயிலருகே ஒரு சிற்பம். கைலையைப் பெயர்த்தெடுக்க முயலும் இராவணன். நம் நாட்டான் ஒருவனைத் தேடி அச்சிற்பத்தின் முன்னே போய் நின்றேன் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கமாட்டார்கள். கோணேசர் மலையிலும் அவன் பெயரால் ‘இராவணன் வெட்டு’ இருக்கின்றதல்லவா? கைலை அசைந்ததாம், அம்மை அஞ்சினாளாம், அப்பன் கால்விரலால் அழுத்தினானாம். சிற்பம் மிகவும் சிதைந்துவிட்டது. மலையைத் தூக்கியவன் உருக்குலைந்து கிடக்க, மலை மட்டும் அப்படியே இருக்கின்றது.

அப்படியானால் குடைந்த கோயில் பிழைத்தது, கட்டிய கோயில் அழிந்தது என்று முடிக்கலாமா? கூடாது. கோணேசரின் கோயிலை இடித்தவர்களால் அதன் நினைவை இடிக்க முடியவில்லை. பக்தர்கள் ஒளித்துப் புதைத்த செப்புத் திருமேனிகள் 1950 இல் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டன. 1963 இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. இன்று அங்கே நித்திய பூசை நடக்கின்றது. இறைவன் பெயரைச் சொல்லி அழைக்க அடியார் உண்டு. புராணம் உண்டு, பதிகம் உண்டு. கோட்டை வாயிற் கல்லிலே மீன் சின்னத்தோடு பொறித்த தமிழ் எழுத்தும் உண்டு. கோயிற் கல் கோட்டைச் சுவருக்குப் போயும், பெயர் மக்கள் வாயிலே தங்கிவிட்டது.

எலிபெண்டாவிலோ சுவர் இருக்கின்றது, கூரை இருக்கின்றது, மூர்த்தி இருக்கின்றது; பெயர் இல்லை. கார்சியா த ஓர்த்தா வந்தபோதே அது மாட்டுத் தொழுவம். வழிபட்டவர் எப்போது விலகினார், ஏன் விலகினார் என்பதைச் சொல்லவும் எழுத்தில்லை. 1987 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. கல்லைக் காக்க ஆட்கள் இருக்கின்றார்கள். மகா சிவராத்திரியில் சுற்றூர் மக்கள் படகேறி வருவார்களாம். ஆனால் அம்மூர்த்தியை ஆறாம் நூற்றாண்டின் அடியார் என்ன சொல்லி அழைத்தாரோ அந்தப் பெயர் யார் நாவிலும் இல்லை. யானையின் பெயரால் அறியப்படும் ஈசனாகவே அவர் அங்கு வீற்றிருக்கின்றார்.

கலை உலகுக்கு இக்குகையின் பெருமையை எடுத்துரைத்தவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. 1877 இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரை, பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் குறிப்புகளோடு சேர்ந்து 1921 இல் ஒரு நூலில் வெளிவந்தது. சைவச் சிற்பங்களைப் பற்றிய அந்நூலிலே எலிபெண்டாவும் இடம்பெற்றது. ரோடின் இந்தியாவுக்கு வந்ததில்லை. புகைப்படங்களைப் பார்த்தே எழுதினார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கு அத்தகைய கண்கள் புதிதாய் ஒரு சாசனம் எழுதின எனலாம். ஆனால் அது பார்ப்பவரின் சாசனம். எடுப்பித்தவனின் சாசனம் ஆகாது.

நம் நாட்டிலே தமிழ்க் கல்வெட்டுகள் வயலிலும் குளக்கரையிலும் பழைய கோயிற் சுவரிலும் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. பேராசிரியர்கள் ஆ. வேலுப்பிள்ளை, கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் முதலியோர் அவற்றைத் தேடிச் சென்று, படியெடுத்து, படித்து, அச்சேற்றியிருக்கின்றார்கள். கோவாவிலும் லிஸ்பனிலும் ஒரு மன்னனின் செல்வாக்கால் செய்விக்க முடியாத வேலை அது. திருப்பணி என்ற பெயரில் பழைய சுவரை இடித்துப் புதுச்சுவர் எழுப்பும் ஊர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சுவரிலே பொறித்த எழுத்துக் கல்லைப் படிக்கல்லாக்கிவிட்டு, தலபுராணம் தேடி அலைவோரும் உண்டு. எழுத்துக் கல்லொன்று கண்ணிற் பட்டால், அதனைப் புகைப்படமெடுத்து, இருந்த இடத்தையும் திசையையும் குறித்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் சேர்ப்பிப்பது எவரும் செய்யக்கூடிய திருப்பணி. அதற்கு மண்வெட்டி வேண்டாம், நன்கொடைப் புத்தகமும் வேண்டாம். இன்று நமக்கு விளங்காத எழுத்தென்றாலும் கல்லை இருந்த இடத்தில் இருக்க விடுவோம். விளங்கிக்கொள்பவர் பின்னே வருவார்.